போட் மெயில் சுகம் யாருக்கு?

(இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதுமல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல; ரயிலைப் பற்றியதேயாகும். "சுயமரியாதைக்காரருக்கு ரயிலில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கக்கூடும். மனிதன் மனிதனோடு சேர்ந்து உட்காரவும், தண்ணீர் குடிக்கவும், சோறு தின்னவும் எங்கெங்கே நேரிடுகிறதோ அங்கெல்லாம் நமக்கு வேலையுண்டு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் கோவிலைவிட ரயிலில்தான் நமக்கு வேலை அதிகம். கோவிலுக்குப் போகாமல் ஒருவன் வாழ்ந்துவிடலாம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போகாமல் இக்கரையில் எத்தனை பேர் வாழமுடியும்?

2025 ஏப்ரல் 6-ந் தேதி பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. நடுப்பாகம் நேரே மேலெழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் பாலம் அது. அது முதற்கொண்டு நமது பக்கத்தில் எங்கே நாலுபேர் கூடினாலும் பழைய ரயிலைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. "அந்தக் காலத்துப் போட் மெயில் போல வருமா? எழும்பூரில் வாங்கின ஒரே டிக்கெட்டில் கொழும்பில் போய் இறங்கலாமே! என்ன ஒழுங்கு, என்ன மரியாதை, என்ன சாப்பாடு!" என்று பெருமூச்சு விடுகிறார்கள். பார்த்தவர்களும் சொல்லுகிறார்கள், அதைப் பார்க்கவே பிறவாதவர்கள் அவர்களைவிட இரண்டு பங்கு அதிகமாய்ச் சொல்லுகிறார்கள். இந்தப் பெருமூச்சை நாம் கொஞ்சம் பரிசோதித்துப் பார்க்கவேண்டும் என்பதுதான் இன்றையப் பேச்சின் நோக்கமாகும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். இருந்ததை இல்லை என்பது பகுத்தறிவாகாது. மதுரையிலிருந்து மண்டபம் வரையில் ரயில் வந்தது 1902-ல். அதுவரையில் மட்டுமல்ல, அதற்குப் பிறகும் சில வருஷங்கள் இலங்கைக்குப் போகும் போட் மெயில் தூத்துக்குடிக்கே ஓடி, அங்கிருந்து கப்பலில் கொழும்புக்கு ஜனங்களை அனுப்பி வந்தது. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடலின்மேல் 2 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். நடுவில் ஷெர்சர் என்ற அமெரிக்க எஞ்சினீயரின் முறைப்படி இரண்டு பக்கமும் வாய்பிளந்து திறக்கும் தூக்குப்பாலம். அது மின்சாரத்தால் திறக்கவில்லை, மனிதர்கள் நின்று கையால் நெம்பித் திறந்தார்கள். பாலம் வந்தபின் போட் மெயில் தனுஷ்கோடித் துறை வரையில் போயிற்று. அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். சுமார் 22 மைல் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். ரயிலும் கப்பலும் மறுபடி ரயிலுமாக மூன்று வண்டிகளை ஒரு டிக்கெட்டில் கட்டிக்கொடுத்தது ஒரு பெரிய காரியந்தான். அந்தத் திறமையை நாம் மறுக்கவில்லை. 1964-க்குப் பிறகு தனுஷ்கோடி வழியும், 1980-களில் இலங்கையில் மூண்ட போரோடு இராமேஸ்வரம் தலைமன்னார் கப்பலும் நின்றுபோய், இன்றைக்கு வரை அந்த வசதி நமக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்பதும் உண்மையே.

நிற்க, இப்பொழுது நம் கேள்விக்கு வருவோம். சுகம் இருந்தது, யாருக்கு இருந்தது?

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று வண்டிகள் இருந்தன. மெத்தையும் விசிறியும் வெள்ளைத் துணி விரித்த மேஜையும் முதல் வகுப்பாருக்கு. மூன்றாம் வகுப்பாருக்கு மரப்பலகை. அதிலும் உட்கார இடம் கிடைத்தால். ஆனால் ரயில்வேக்குப் பயணிகளால் வந்த வருமானத்தில் பெரும்பகுதி யாருடைய மடியிலிருந்து வந்தது என்று பார்த்தால், அந்த மூன்றாம் வகுப்பாருடைய மடியிலிருந்துதான் வந்தது. லண்டனில் பதிவான கம்பெனிக்கு லாபம் கொடுத்தவன் நின்றுகொண்டு வந்தான். அந்த லாபத்தில் சுகம் அனுபவித்தவன் படுத்துக்கொண்டு வந்தான். இது நாம் மட்டும் சொல்லும் குறையல்ல. ரயில்வேயைப்பற்றி விசாரிக்க சர்க்கார் நியமித்த அக்வொர்த் கமிட்டி 1921-லேயே மூன்றாம் வகுப்பாரின் நெருக்கடியையும் வசதிக்குறைவையும் எடுத்துக்காட்டியிருக்கிறது. காந்தியார் 1917-ல் மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தின் அசிங்கத்தைப் பற்றியே ஒரு தனிப் பிரசுரம் எழுதினார். ஆகவே "அந்தக் காலத்தில் ரயில் எவ்வளவு சுத்தம்!" என்று ஒருவர் சொன்னால், "ஐயா, தாங்கள் எந்த வகுப்பின் ஞாபகத்தைச் சொல்லுகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கவேண்டும்.

ஆனால் தோழர்களே! மெத்தைக்கும் பலகைக்கும் உள்ள வித்தியாசம் பண வித்தியாசம். பணம் கொடுத்தால் பலகைக்காரன் மெத்தைக்குப் போகலாம். பணம் கொடுத்தும் தாண்ட முடியாத ஒரு வித்தியாசம் அதே ரயிலில் இருந்தது. அதைத்தான் இந்தப் பெருமூச்சுக்காரர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

ரயில் ஜங்ஷனில் நிற்கிறது. பசிக்கிறது. இறங்கிப் போனால் சாப்பாட்டு அறையில் ஒரு தட்டி கட்டியிருக்கும். இந்தப் பக்கம் பிராமணர்களுக்கு, அந்தப் பக்கம் இதரர்களுக்கு. சமைக்கிற அடுப்பு ஒன்று, அரிசி ஒன்று, கொடுக்கிற காசு ஒன்று. உட்காருகிற இடம் மட்டும் இரண்டு. நாம் கேட்கிறோம்: மூன்றாம் வகுப்பு வண்டியில் ஐயரும் ஆசாரியும் நாடாரும் நாயக்கரும் பன்னிரண்டு மணி நேரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவர் தூங்கி விழுந்துகொண்டு வந்தார்களே, அப்பொழுது ஒட்டாத தீட்டு, அரைமணி நேரம் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? அது சாஸ்திரத்தில் இருக்கிறது என்பார்கள். சாஸ்திரத்தில் ரயில் ஏது? கடலைத் தாண்டினாலே ஜாதி போய்விடும் என்றல்லவா சாஸ்திரக்காரர்கள் சொல்லிவந்தார்கள்? அந்தக் கடலைத் தாண்ட டிக்கெட் வாங்கிக்கொண்டு, வழியில் சாப்பாட்டுக்கு மட்டும் ஜாதி பார்ப்பது என்ன யோக்கியதை? வரும்படி வருகிற இடத்தில் சாஸ்திரம் வாயை மூடிக்கொள்ளும். உயர்வு தாழ்வு காட்டவேண்டிய இடத்தில் வாயைத் திறக்கும். இவ்வளவுதான் அதன் இரகசியம்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்துச் சோறு போட்டதில்தானே 1925-வாக்கில் பெரியாரும் மற்றவர்களும் காங்கிரசோடு மோதினார்கள்? அதே இலைப்பந்திப் பேதத்தை ஒரு கம்பெனி, பொதுஜனப் பணத்தில், நூற்றுக்கணக்கான மைலுக்கு ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடத்திக்கொண்டிருந்தது. நமது இயக்கத்தார் மேடையிலும் பத்திரிகையிலும் இடைவிடாமல் கிளர்ச்சி செய்ததன்மேல் 1941-ல்தான் ரயில்வே சாப்பாட்டு அறைகளில் அந்தப் பேதம் எடுக்கப்பட்டது. பாம்பன் பாலம் கட்டி 27 வருஷம் கழித்து! கடலைத் தாண்டிப் பாலம் போடச் சில வருஷம் போதுமாயிருந்தது. ஒரு தட்டியை எடுக்க அதற்குமேல் எத்தனையோ வருஷம் வேண்டியிருந்தது.

தென்னாப்பிரிக்காவில் 1893-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியாரை முதல் வகுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள், படிக்கவும் வேண்டும். அமெரிக்காவில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் 1892-ல் வெள்ளையர் வண்டியில் உட்கார்ந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். தனித்தனி வண்டி சரியே என்று 1896-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. அதையும் படிக்கிறார்கள். ஆனால் 1901-ல் மசூர் என்ற ஸ்டேஷனில் இறங்கின அம்பேத்கர் என்ற சிறுவனும் அவன் உடன் வந்த பிள்ளைகளும் மகார் ஜாதி என்று தெரிந்தவுடன் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறி விலகிப்போனதையும், வண்டிக்காரர் ஒருவரும் அவர்களை ஏற்றிக்கொள்ள முன்வராததையும் எத்தனை பேர் படிக்கிறார்கள்? நம் ஜங்ஷன்களில் கட்டியிருந்த தட்டியைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? அந்நியன் நம்மை இறக்கிவிட்டால் அது சரித்திரம். நாமே நம்மை இறக்கிவிட்டால் அது ஆசாரமா?

இங்கே நம்மைப் பற்றியும் உண்மை பேசவேண்டும். "இதரர்" என்ற பலகையைப் பார்த்துப் பார்ப்பனரல்லாதார் கோபப்பட்டார்கள், அது நியாயம். ஆனால் அந்த "இதரர்" பக்கத்தில் ஆதிதிராவிடத் தோழன் வந்து உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரன் என்ன செய்தான்? இந்த இராமநாதபுரம் ஜில்லாவில் ஓடின பஸ்களில் ஆதிதிராவிடர்களை ஏற்றிக்கொள்வதில்லை என்ற அக்கிரமம் இருந்ததே, அந்த பஸ் முதலாளிகளெல்லாம் பார்ப்பனரா? நமது இயக்கத் தலைவர்களில் ஒருவரான பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் அவர்கள் அக்காலத்தில் இந்த ஜில்லா போர்டின் தலைவராயிருந்தார். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்தாகும் என்று அவர் கண்டிப்பாக உத்தரவு போட்டார். உபதேசம் செய்யவில்லை, உபவாசம் இருக்கவில்லை. லைசென்சில் கையை வைத்தார். பஸ்காரர்களுக்கு உடனே சமத்துவ ஞானம் பிறந்துவிட்டது! ஆகவே தோழர்களே, பார்ப்பனர் என்ற மனிதர்மேல் நமக்கு விரோதமில்லை. தனக்கு மேலே ஒருவன் இருந்தால் அழுவதும், தனக்குக் கீழே ஒருவன் இருந்தால் மகிழுவதுமான அந்தப் புத்தி எவனிடம் இருந்தாலும் அது பார்ப்பனியமேயாகும்.

மாறமுடியாது என்று சொல்லுகிறவர்களுக்கு இராமேஸ்வரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் அவர்கள் சிறு பையனாயிருந்தபோது, யுத்த காலத்தில் ரயில் இராமேஸ்வரத்தில் நிற்காமல் போனதால், ஓடும் ரயிலிலிருந்து தூக்கியெறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி எடுத்து விநியோகிக்க உதவினார். அதே கலாமைச் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற அவருடைய உபாத்தியாயர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். முஸ்லிம் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற அந்த அம்மாள் மறுத்துவிட்டார். ஐயர் கோபிக்கவில்லை, தம் கையாலேயே பரிமாறிவிட்டுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து தாமும் சாப்பிட்டார். அடுத்த வாரமும் அழைத்தார். அந்தத் தடவை அந்த அம்மாளே உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பரிமாறினார். கலாம் அவர்களே தம் சரித்திரத்தில் இதை எழுதியிருக்கிறார். ஒரு வைதிகக் குடும்பம் ஒரு வாரத்தில் மாறிவிட்டது, தோழர்களே! படித்த துரைகளும் சட்டம் தெரிந்த அதிகாரிகளும் நடத்தின கம்பெனிக்கு 1941 வரையில் மாறத் தெரியவில்லை. ஏனென்றால் அந்த வீட்டில் மாறவேண்டும் என்று ஒருவர் தம் கையால் செய்து காட்டினார். கம்பெனியில் வெளியிலிருந்து நெருக்குகிற வரையில் எவரும் அசையவில்லை.

இன்னொரு வகுப்பு இருந்தது. டைம் டேபிளில் அச்சிடாத வகுப்பு. அதைச் சொல்லாமல் போட் மெயில் சரித்திரம் பூர்த்தியாகாது. அது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வகுப்பு.

ரயிலும் பாலமும் வருவதற்கு முன்னே இந்தச் சீமையிலிருந்தும் புதுக்கோட்டை, திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்தும் பஞ்சத்தால் துரத்தப்பட்ட ஜனங்கள் இந்தக் கரைக்கு நடந்து வந்து, தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மலைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பின்னால் ரயிலும் கப்பலும் வந்தன. நடை மிச்சமாயிற்று, உயிரும் ஓரளவு மிச்சமாயிற்று. அதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர்கள் எப்படிப் போனார்கள்? முதல் வகுப்பாருக்குக் கையில் அட்டை டிக்கெட். இவர்களுக்குக் கழுத்தில் தகர டிக்கெட். எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டிய ஆள் என்று தகரத்தில் எண் அடித்துக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். மாட்டுக்குக் காதில் அடையாளம், மனிதனுக்குக் கழுத்தில் அடையாளம்! கங்காணியிடம் வாங்கின கடன் "துண்டு" என்ற சீட்டில் ஏறி, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளோடு கூடவே கைமாறும். அந்தத் துண்டு முறை 1921-ல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மண்டபத்தில் இன்றைக்கும் "மண்டபம் கேம்ப்" என்று ஒரு ஸ்டேஷன் பெயர் இருக்கிறதே, எதனால் அந்தப் பெயர் வந்தது என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? இலங்கை சர்க்கார் இந்தியக் கரையிலேயே நடத்தின முகாம் அது. தோட்டத்துக்குப் போகிற கூலிகளைக் காலரா, அம்மை, பிளேக் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நாட்கணக்கில் அங்கே நிறுத்திவைத்தார்கள். நோயைத் தடுக்க ஜனங்களைச் சோதிப்பதை நாம் குறை சொல்லமாட்டோம். அது விஞ்ஞானம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைவிட ஆயிரம் மடங்கு மேலானது. ஆனால் நோய்க்கு வகுப்பு தெரியுமா? மெத்தையில் படுத்து வருகிறவனைக் காலரா தொடாதா? தோட்டக்காரக் கூலிதான் முகாமுக்குள். மேல் வகுப்புத் துரை அதே வேளையில் கப்பலில். "என்ன மரியாதையான சேவை!" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஒரு தடவை அந்த முகாமின் வேலிக்குள்ளிருந்து ரயிலைப் பார்த்திருக்கவேண்டும்.

அந்த ஜனங்கள் கதை அத்தோடு முடியவில்லை. அவர்கள் உழைத்து மலையைத் தோட்டமாக்கின பிறகு, 1948-ல் இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை கொடுப்பது என்று தலைகளை எண்ணிப் பங்கு போட்டார்கள். அந்தத் தலைகளுக்குச் சொந்தக்காரர்களை எவரும் கேட்கவில்லை. பாட்டன் தகர டிக்கெட்டோடு போன கடல் வழியாகப் பேரன் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து அதே மண்டபம் முகாமில் இறங்கினான். 1983-க்குப் பிறகு போரால் துரத்தப்பட்ட இலங்கைத் தமிழர்களுக்கும் அதுவே அகதி முகாமாயிற்று. போட் மெயில் போய்விட்டது, கப்பல் போய்விட்டது, முகாம் மட்டும் போகவில்லை. ஒரு நூற்றாண்டில் இந்தக் கரையில் உறுதியாக நின்ற ரயில் சேவை எது என்று கேட்டால் வேறென்ன பதில் சொல்வது?

இனி, இந்த ஊருக்கு ரயிலில் வந்தவர்களில் பெருங்கூட்டம் யாத்திரைக்காரர்கள். அவர்களையும் நாம் கேட்கிறோம். சேதுவுக்கு அணை கட்டியது இராமன் என்கிறீர்கள். குரங்குகள் கல் சுமந்தன என்கிறீர்கள். சரி, அந்த அணைமேல் ஒருநாளாவது நடந்து வந்தீர்களா? உங்களை இராமேஸ்வரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது 1914-ல் கட்டின பாலம். எஞ்சினீயர்கள் கணக்குப் போட்டார்கள். பெயர் தெரியாத கூலிகள் கடலில் நின்று தூண் நாட்டினார்கள். கட்டாத பாலத்துக்குக் கோவில் உண்டு, உற்சவம் உண்டு, தட்சிணை உண்டு. கட்டின பாலத்தில் செத்த கூலிக்கு ஒரு கல்லாவது உண்டா?

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவை இக்கரையார் மறக்கமுடியாது. புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் ஊருக்கு அருகில் கடல் பொங்கி அடித்ததில் ஏறியிருந்தவர்களோடு அழிந்தது. கணக்கில் வந்தவர்கள் சுமார் 115 பேர். அவர்களில் பக்திமான்கள் எத்தனை பேரோ, பாவிகள் எத்தனை பேரோ, கடல் விசாரிக்கவில்லை. ஜாதி கேட்கவில்லை, என்ன டிக்கெட் என்றும் கேட்கவில்லை. எல்லாரையும் காப்பாற்றுகிறான் என்று சொல்லப்பட்ட கடவுள் சில மைல் தூரத்தில் கோவிலுக்குள் பத்திரமாயிருந்தார். நாம் செத்தவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அந்தத் துக்கம் நம்முடைய துக்கம். புயல் வரும் முன்னே தெரிந்துகொள்ளும் கருவியும், தெரிந்ததைக் கடைசி ஸ்டேஷனுக்கும் சொல்லும் கம்பியும், வண்டியை நிறுத்து என்று சொல்லும் பொறுப்பும்தான் உயிரைக் காக்கும், வேண்டுதல் காக்காது என்பதற்காகச் சொல்லுகிறோம். உடைந்த பாலத்தை மறுபடி நிமிர்த்தியது எந்த மந்திரம்? ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரின் கீழ்த் தொழிலாளிகள் இரவு பகலாய் உழைத்து 46 நாளில் நிமிர்த்தினார்கள். ஒரு யாகமும் அதற்குத் தேவைப்படவில்லை.

சேவை, சேவை என்கிறோமே, அந்தச் சேவையைச் செய்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா? 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னால் நமது இயக்கத்தோடு சேர்ந்து பகுத்தறிவும் பொதுவுடைமையும் எழுதிக் கொடுத்த கிழவர் சிங்காரவேலர் அவர்களுக்குத் துணையாக நின்றார். அதற்காக அவருக்குப் பத்து வருஷத் தண்டனை விதித்து, அப்பீலில் குறைத்தார்கள். நேரம் தவறாமல் போட் மெயில் ஓடிற்று என்று மெச்சுகிறவர்கள், அதை ஓட்டினவன் வயிறு நேரம் தவறாமல் நிறைந்ததா என்று கேட்கவில்லை.

சரி, "அதெல்லாம் பழைய கதை, இப்பொழுதுதான் எல்லாம் ஒழிந்துவிட்டதே" என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். பெயர்கள் ஒழிந்தன என்பது மெய்தான். தட்டி 1941-ல் போயிற்று. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் போயிற்று. ஆனால் முன்பதிவில்லாத பெட்டியின் வாசற்படியில் தொங்கிக்கொண்டு போகிறவனிடம் போய், "அப்பா, மூன்றாம் வகுப்பு ஒழிந்துவிட்டது தெரியுமா?" என்று சொல்லிப் பாருங்கள்!

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைக் கடைசியாகச் சொல்லுகிறோம். ரயில் கக்கூசிலிருந்து மலம் நேரே தண்டவாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரன் போன பிறகும், குடியரசு வந்த பிறகும் விழுந்துகொண்டிருந்தது. அதை யார் அள்ளினார்கள்? எந்த அக்கிரகாரத்திலிருந்தாவது, எந்த மிராசுதார் வீட்டிலிருந்தாவது ஒருவன் அந்த வேலைக்கு மனுப்போட்டானா? தலைமுறை தலைமுறையாக அருந்ததியரையும் அவர்போன்ற தாழ்த்தப்பட்ட ஜாதியாரையுமே அந்த வேலையில் தள்ளினோம். மனித மலத்தை மனிதன் அள்ளக்கூடாது என்று 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். சட்டம் ஒரு பக்கம் இருந்தது. தண்டவாளத்தில் விளக்குமாறு ஒரு பக்கம் இருந்தது.

இந்த விஷயத்தில் நமது கரைக்கு ஒரு பெருமை உண்டு. இராமேஸ்வரத்துக்கும் மானாமதுரைக்கும் இடையிலுள்ள 114 கிலோ மீட்டர் பாதைதான், வண்டிகளிலெல்லாம் மக்கும் கக்கூஸ் பொருத்தி, தண்டவாளத்தில் மலம் விழாத முதல் பாதை என்று இந்தியாவிலேயே முதன்முதலாக 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. கங்கையும் சேதுவும் சேர்ந்து எத்தனையோ ஆயிரம் வருஷமாகத் தீர்க்காத அசிங்கத்தை ஒரு தொட்டியும் கொஞ்சம் கிருமிகளும் தீர்த்துவிட்டன! புண்ணிய தீர்த்தம் என்று எதையாவது சொல்லத்தான் வேண்டுமென்றால் நாம் அந்தத் தொட்டியைத்தான் சொல்லுவோம். 22 தீர்த்தத்தில் முழுகினவன் ஜாதி போகவில்லை. அந்தத் தொட்டி வந்ததில் ஒருவன் தலையிலிருந்த கூடையாவது இறங்கிற்று.

ஆனால் அதோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். கூடை இறங்கினவுடன் அந்தக் குடும்பத்துப் பிள்ளை டிக்கெட் பரிசோதகராகவும், டிரைவராகவும், ஸ்டேஷன் மாஸ்டராகவும் ஆகிவிட்டானா? அல்லது அதே பிள்ளை குத்தகைக்காரனுக்குக் கீழே குறைந்த கூலிக்குப் பெட்டி கழுவுகிறானா? இதைப் போய்ப் பாருங்கள். உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே பாருங்கள். கண்டதை எழுதி அனுப்புங்கள்.

தோழர்களே! பழைய ரயிலை நினைக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நினைப்பதை முழுதாக நினையுங்கள் என்றுதான் சொல்லுகிறோம். எவராவது உங்களிடம் அந்தக் காலத்துச் சுகத்தைப் பேச ஆரம்பித்தால் சண்டை போடாதீர்கள்; மூன்று கேள்வி கேளுங்கள். அந்த வண்டியில் யார் உட்கார்ந்திருந்தார்? யார் நின்றார்? யார் கழுவினார்? இந்த மூன்றுக்கும் ஒரே பதில் வருகிற நாள், அதாவது உட்கார்ந்தவனும் நின்றவனும் கழுவினவனும் ஜாதியால் நிர்ணயிக்கப்படாத நாள், எந்த நாளோ, அந்த நாளில் ஓடுகிற ரயிலைப் பற்றி நம் பேரப்பிள்ளைகள் தாராளமாகப் பெருமூச்சு விடட்டும். நாமும் வேண்டாமென்று சொல்லமாட்டோம்.

 நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நம்பாதீர்கள். உங்கள் புத்தியில் போட்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூறி முடித்துக்கொள்கிறோம்.